'தமிழ் வரவில்லை' என்று எழுதினால் போதுமா?

கேள்வி: கோயில் திருவிழா அழைப்பிதழிலிருந்து எங்கள் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு வரை எல்லாவற்றையும் ஓர் இலவச மென்பொருளில்தான் தட்டச்சு செய்கிறேன். கொஞ்ச நாளாகத் தமிழ் சரியாக வரவில்லை. அவர்களுடைய புகார்ப் பக்கத்தில், 'தமிழ் வரவில்லை, உடனே சரிசெய்யவும்' என்று எழுதினேன். கூடுதல் விவரம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. சில மாதம் கழித்துப் புகாரையே மூடிவிட்டார்கள். தமிழ் என்றால் அவ்வளவு அலட்சியமா?
- வாசகர், திருவாரூர்

பதில்: அலட்சியம் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, கோளாறு திரையிலா, அச்சிலா, பிடிஎஃப்பிலா என்பது உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கும் தெரியவில்லையே! எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்று பொருள். ஆங்கில எழுத்துகளாகக் குவிந்து கிடந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருக்கலாம். அது வழுவே அல்ல. கொம்பு தனியாக விலகி நின்றால் கதை வேறு. இத்தனையையும் 'வரவில்லை' என்றுதான் சொல்கிறோம்.

உங்கள் புகாரைப் படிப்பவர் தமிழே தெரியாத ஒரு தன்னார்வலராக இருக்கலாம். அதே கோளாறு அவருடைய கணினியிலும் வரவேண்டும். வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'புட்டி' மென்பொருளை எழுதிய சைமன் டேத்தம் 1999-இலேயே இதை வலியுறுத்தி ஒரு கட்டுரை எழுதினார்.

நீங்கள் பயன்படுத்துவது லிப்ரே ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். உதவி மெனுவின் கடைசியில் இருக்கும் அறிமுகப் பெட்டியில் பதிப்பு எண், இயங்குதளம் எல்லாம் இருக்கும். அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். அதே மெனுவில் பாதுகாப்பு முறையில் மறுபடி தொடங்கும் வசதியும் உண்டு. அதில் கோளாறு மறைந்தால் உங்கள் அமைப்புகளிலோ நீட்சிகளிலோதான் சிக்கல். பிறகு இப்படி எழுதலாம் (கோளாறு கற்பனைதான்):

'புதிய ஆவணம் திறந்தேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் கொடி என்று அடித்தேன். பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்தேன். கொம்பு, ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கிறது. திரையில் சரியாக இருக்கிறது.'

அந்தக் கடைசி வரியைப் பலரும் எழுதுவதில்லை. எது சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேடவேண்டிய இடம் சட்டென்று சுருங்கிவிடும். சரியான வடிவம் எப்படி இருக்கும் என்பதையும் ஒரு படமாக இணையுங்கள். தமிழ் தெரியாதவருக்கு எது பிழை என்று வேறு எப்படித் தெரியும்?

படம் மட்டும் போதாது, கோப்பும் வேண்டும். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மென்பொருள் ஒன்றில் மட்டும் தடுமாறலாம். காலுக்குப் பதில் ரகரத்தை அடித்துப் பழகியவர்களும் நம்மிடையே உண்டு! புதிதாகத் தட்டச்சு செய்து காட்டினால் இந்த வேறுபாடு காணாமல் போகும். அதனால் கோளாறு வரும் கோப்பையே எடுத்து, பக்கம் பக்கமாக நீக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு வரியிலும் கோளாறு வருகிறதென்றால் அந்த ஒரு வரிக் கோப்பை அனுப்புங்கள். இணைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் நன்கொடையாளர் பெயர், தொலைபேசி எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

பழைய பதிப்பில் சரியாக இருந்ததா? அப்படியானால் அந்தப் பதிப்பின் எண்ணை எழுதுங்கள். இடையில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால் பத்தே சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும்.

ஒரு புகாரில் ஒரு கோளாறு மட்டும். உங்கள் ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள். 'உடனே' வேண்டாம், அந்தச் சொல்லால் எந்தப் புகாரும் வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

புதிதாக ஒன்று பதியாதீர்கள். விவரம் போதாமல் மூடிய புகாரை லிப்ரே ஆபீஸ் போன்ற திட்டங்களில் திரும்பத் திறக்கலாம். அதே புகாரில் இந்த விவரங்களைச் சேர்த்து, நிலையை 'உறுதி செய்யப்படாதது' என்று மாற்றிவிடுங்கள்.