நூற்றைம்பதாம் நம்பர் மோகம்

கல்யாண சீசன் வந்தால் என் கட்டிங் மேஜைக்கு முன்னால் ஒரே பாட்டுதான். “மாஸ்டர், ரிசப்ஷனுக்குக் கோட் சூட். சூப்பர் 150 துணி எடுத்திருக்கோம். 110-ஐ விட அதுதானே உசத்தி?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உசத்தி இல்லை சார், மெல்லிசு. அவ்வளவுதான்.

அந்த எண் கம்பளி இழையின் பருமனை மட்டுமே சொல்கிறது. சர்வதேசக் கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்று போட, இழையின் சராசரிப் பருமன் 18.75 மைக்ரானைத் தாண்டக் கூடாது. எண் பத்து ஏறினால் அரை மைக்ரான் இறங்கும், 150-க்கு 16.25. ஒரு பவுண்டு கம்பளியில் 560 கெஜச் சிட்டம் எத்தனை நூற்கலாம் என்று பிராட்ஃபோர்டு ஆலைகள் போட்ட பழைய கணக்கின் வாரிசு இது. நூல் ஒற்றையா இரட்டையா, நெசவு நெருக்கமா, மீட்டருக்கு எத்தனை கிராம்? இவற்றில் ஒன்றையும் அந்த எண் சொல்லாது. கடைக்காரரும் வாய் திறக்க மாட்டார்.

மெல்லிய இழைத் துணி தொட்டால் வெண்ணெய்தான். காரில் ஏறி இறங்கினால் முழங்காலுக்குப் பின்னால் வரிவரியாய்க் கசங்கும். தினம் ஆபீசுக்கு மாட்டினால் தொடைச் சந்து முதலில் தேயும். அப்படித் தேய்ந்த பேன்ட்டுக்கு நானே ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

கடையிலேயே சோதித்துவிடலாம். துணி மூலையை உள்ளங்கையில் அள்ளி, பத்து எண்ணும்வரை இறுக்கிக் கசக்கி விடுங்கள். பாவும் ஊடையும் நன்றாக முறுக்கிய இரட்டை நூல் என்றால், கண்ணெதிரிலேயே கசங்கல் பிரிந்து துணி நிமிரும். நிமிராததை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், எண் 180 ஆனாலும் சரி.

“வுல் போட்டால் நம்ம ஊரில் வெந்துபோவோம்” என்பார்கள். மீட்டருக்கு 250 கிராம் அளவில், சாதா நெசவில் வரும் கம்பளியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசிக்கண்ணாக ஒளி தெரியும். காற்றும் அப்படியே போகும். வேகவைப்பது உள்ளே முழுக்கத் தைக்கும் பாலியெஸ்டர் லைனிங். பாதி லைனிங் போதும்.

கரையில் ‘சூப்பர்’ என்று அச்சடித்திருந்தால் அசல் கம்பளியா? டெரிவுல்லுக்கு அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்பது விதி. அச்சடிக்கிறவன் கையை யார் பிடிப்பது? பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று நூல் உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் கம்பளிக்கு. கெட்டி மணியாக உருண்டால் பாலியெஸ்டர்.

ஒவ்வொரு முறையும் டிரை கிளீன்? வேண்டாம். பிரஷ்ஷால் தட்டி, அகலத் தோள் ஹேங்கரில் ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள்.

துணிக்கு இவ்வளவு விசாரிக்கிறீர்களே, தையலுக்குள் எவ்வளவு துணி விடுவார்கள் என்று யாராவது கேட்கிறீர்களா? முதுகிலும் இடுப்பிலும் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு புது மாப்பிள்ளையின் கோட்டைப் பெரிதாக்கப் பிரித்தேன். சூப்பர் 150. உள்ளே கால் அங்குலம்தான் இருந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றரை.