முன்னாள் படைவீரரும் நம் கிராமங்களும்

போர்முனைக்குச் சென்றவனை ஊரார் மறத்தலாகாது என்னும் எண்ணம் நம் கிராமங்களுக்குப் புதிதன்று. தேனி மாவட்டம் ஆண்டிபட்டித் தாலுகாவில், வைகைக் கரையை அடுத்த புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். தமிழ்-பிராமி எழுத்தில் அமைந்த அக்கற்கள் கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலுள்ள ஊருக்கும் கூடலூர் என்பதே பெயர் என்பதை அன்பர்கள் நினைவு கூர்வார்களாக. வீழ்ந்தவன் பெயர், வீழ்ந்த இடம், வீழ்ந்த காரணம் ஆகிய மூன்றையும் அச்சிறு கல் தாங்கி நிற்கிறது. அதனை நட்டவர்கள் பேரரசர்கள் அல்லர். ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த ஊர்மக்களே.

கல் நடுவதற்குரிய படிகள் ஆறு எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆயினும் நம் முன்னோர் கல்லோடு நின்றுவிடவில்லை. பிற்காலத்து நடுகற்களிலும் கல்வெட்டுகளிலும் உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்னும் சொற்கள் வருகின்றன. ஊருக்காகக் குருதி சிந்தியவனுடைய குடும்பத்தின் பிழைப்புக்கென விடப்பட்ட நிலத்தின் பெயர் அவை. மரியாதையும் வாழ்வுரிமையும் அன்று ஒன்றாகவே வழங்கப்பட்டன. இக்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்துபோயின என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் செய்தி.

பிரிவு தொடங்கிய வரலாற்றைச் சிறிது காண்போம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து கடல்கடந்து சென்றோர் 13 லட்சம் பேர் என்றும், மாண்டோர் ஏறத்தாழ 74,000 என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. போர் முடிந்தபின் ஆங்கில சர்க்கார் பல கிராமங்களில் சிறு கல்வெட்டுப் பலகைகளைப் பதித்தது. இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். தொகை உண்டு, பெயர் இல்லை! புலிமான்கோம்பைக் கல்லையும் இப்பலகையையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தால், எந்த ஆட்சி தன் வீரனை அறிந்திருந்தது என்பது விளங்கும். இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர் படையில் இருந்தனர். 1945க்குப் பின் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஓய்வூதியம் ஏதுமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களையோ, நாடு விடுதலை பெற்ற பின்னரும் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியம் 1972இல்தான் கிட்டியது. டில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரரின் பெயர்கள் கருங்கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பெயர் மறைந்த குறை அவ்வளவில் தீர்ந்தது எனலாம். உயிருடன் திரும்பியவர் நிலை வேறு.

நம் பள்ளத்தாக்கு படைவீரருக்குப் பட்டிருக்கும் கடன் சிறப்பானது. முல்லைப் பெரியாற்று அணையை 1895இல் கட்டி முடித்த கர்னல் ஜான் பென்னிகுயிக் ஒரு இராணுவப் பொறியாளர். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகமாக விளைவது அந்நீரால் என்பதைச் சிறுவரும் சொல்வர். பாலார்பட்டியில் ஆண்டுதோறும் அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். லோயர்கேம்பில் 2013ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. இவ்வளவும் தக்கதே. ஆனால் அவ்வணையில் கல் சுமந்து, சுண்ணாம்பு குழைத்து, மலைக்காய்ச்சலுக்கு இரையானவர்களுள் மதராஸ் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளத்துச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பாதை வெட்டுதலும் பாலம் அமைத்தலுமே அப்படையின் தொழில். 1933இல் செலவுச் சுருக்கத்தைக் காரணங்காட்டி அது கலைக்கப்பட்டது. தளபதியின் படம் நம் வீட்டுக் கூடங்களில் தொங்குகிறது. சிப்பாயின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

நிற்க. இன்று ஒரு இளைஞன் பதினெட்டு அல்லது இருபது வயதில் படையில் சேர்கிறான். சிப்பாய் ஓய்வூதியம் பெறக் குறைந்தது பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். அதனை முடித்து முப்பத்தைந்து, நாற்பது வயதளவில் ஊர் திரும்புகிறான். மற்ற சர்க்கார் ஊழியர் பதவி உயர்வை எதிர்நோக்கும் வயது அது. பிள்ளைகள் பள்ளியில் இருப்பர், பெற்றோர் தளர்ந்திருப்பர், வாய்க்கால் பாசனப் பங்கில் அவன் இல்லாத காலத்தில் பலவும் மாறியிருக்கும். போர்முனையில் உயிர் நீத்தவன் வீட்டுக்கு ஊரே திரண்டு வருகிறது, வரவேண்டியதுதான். உயிரோடு வந்தவனை, பென்சன் வாங்குகிறவன், அவனுக்கு என்ன குறை என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

அந்தப் பென்சனும் எளிதில் கிட்டியதன்று. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் உழைத்த இருவர், ஓய்வுபெற்ற ஆண்டு வேறு என்ற ஒரே காரணத்தால் வெவ்வேறு தொகை பெற்றுவந்தனர். முன்னே சென்ற முதியவருக்குக் குறைவு; பின்னே வந்தவருக்கு மிகுதி. இவ்வேற்றுமையைக் களையும்படி முன்னாள் படைவீரர் பல்லாண்டு வேண்டி வந்தனர். 2015 ஜூன் மாதம் டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து அறப்போர் தொடங்கினர். பதக்கங்கள் அணிந்த முதியோர் வீதியோரத்தில் அமர்ந்த காட்சி நாட்டுக்குப் பெருமை தருவதாக இல்லை. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்னும் ஆணை பிறந்தது. 2014 ஜூலை 1 முதல் அது செல்லுபடியாயிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகையை மறுநிர்ணயம் செய்வதும் அவ்வாணையின் கூறு. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் இத்திட்டத்தை உறுதிப்படுத்தியது. நிலுவைத் தொகைக்காக அதன்பின்னும் வழக்காட நேர்ந்தது வேறு கதை.

டில்லியில் பிறக்கும் ஆணை உத்தமபாளையத்துத் தெருவுக்கு வந்து சேரும் வழியில்தான் பெரும்பாலான அநீதி நிகழ்கிறது. அஃது யாரும் வேண்டுமென்று செய்வதன்று, காகிதத்தால் நேர்வது. இதனை ஊராட்சி உறுப்பினரும் செயலரும் நன்கு பயிலவேண்டும் என்பதற்காகவே சற்று விரித்து எழுதுகிறோம்.

படையிலிருந்து விடுபடும் ஒவ்வொருவருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம் என்று ஊரில் வழங்கும் படைவிடுப்புச் சான்று தரப்படுகிறது. ஓய்வூதியம் உண்டாயின் பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணையும் உண்டு. திருமணமும் பிள்ளைப்பேறும் பணிக்காலத்திலேயே ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் இரண்டாம் பகுதி ஆணையில் ஏறியிருக்க வேண்டும். விடுப்பில் வந்து மணம் முடித்துத் திரும்பிய சிப்பாய் அதனைத் தெரிவிக்கத் தவறியிருக்கலாம்; தெரிவித்தும், தமிழறியாத எழுத்தர் மனைவியின் பெயரைப் பிழைபட எழுதியிருக்கலாம். கணவர் உயிருடன் உள்ளவரை இப்பிழை யார் கண்ணிலும் படாது. அவர் மறைந்த பின், குடும்ப ஓய்வூதியம் கேட்டு அம்மூதாட்டி செல்லும்போது, படைப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் நிற்கும். நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவள், தான் இன்னாருக்கு மனைவி என்று மெய்ப்பிக்க அலைய வேண்டிவருகிறது. எமது வட்டாரத்தில் நாம் காணும் வழக்குகளில் இவ்வகையே மிகுதி.

நம் பகுதிக்கென்று தனிச் சிக்கலும் ஒன்றுண்டு. 1997க்கு முன் தேனி மாவட்டம் இல்லை. உத்தமபாளையம் மதுரை மாவட்டத்துத் தாலுகாவாக இருந்தது. ஆகவே முதியோர் பலருடைய சான்றுகளில் மதுரை மாவட்டம் என்றே இருக்கும். ஊர்ப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பர். இது மோசடி அன்று, மாவட்டம் பிரிந்ததால் வந்தது என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுவது கிராம நிர்வாக அலுவலருக்குப் பெருஞ்சுமை ஆகாது. கிழவியை மூன்று முறை நடக்கவைப்பதற்கு அது மேல்.

திருத்தம் வேண்டுவோர் எங்கே எழுதுவது? ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி ஆவண அலுவலகம் உண்டு. மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்க்கு நீலகிரி வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் பிரிவினருக்குப் பெங்களூர். பீரங்கிப் படையினர்க்கு நாசிக். சிக்னல் பிரிவினர்க்கு ஜபல்பூர். மருத்துவப் பிரிவினர்க்கு லக்னோ. கடிதத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக, படை எண்ணைக் குறித்து அனுப்புதல் வேண்டும். படை எண் இல்லாத கடிதம் பல மாதம் உறங்கும்.

ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய உயிர்வாழ்ச் சான்றும் இத்தகையதே. படைத்துறை ஓய்வூதியங்கள் ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறைக்கு மாற்றப்பட்டபோது, 2022 ஏப்ரலில் நாடு முழுவதும் 58,000க்கும் மேற்பட்டோர்க்கு அம்மாத ஓய்வூதியம் உரிய நாளில் சேரவில்லை. ஆண்டுச் சான்று பதிவாகாததே காரணம் எனப்பட்டது. பின்னர் அரசு காலத் தவணை அளித்துத் தொகையை விடுவித்தது. நகரத்தில் உள்ளவர் கைபேசியில் முகத்தைக் காட்டிச் சான்று அளித்துவிடுகிறார். களையெடுத்தும் ஏலக்காய் பறித்தும் ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது, கிராமத்து மூதாட்டிக்குச் சொல்லித் தர ஆள் வேண்டும். ஊராட்சிக்கு ஒரு படித்த இளைஞன் இப்பணியை ஏற்றால் போதும்.

உடல் ஊனத்தோடு திரும்பியவர் செய்தி இன்னும் நுட்பமானது. நோய் பணியால் வந்ததன்று என்று மருத்துவக் குழு எழுதிவிட்டால், ஊன ஓய்வூதியம் மறுக்கப்படும். சேரும்போது நோய் ஏதும் குறிக்கப்படாத ஒருவர், நோயுடன் வெளியேற்றப்பட்டால், அது பணியால் நேர்ந்ததென்றே முதற்கண் கொள்ளவேண்டும். அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கு அது. இத்தகையோர் முறையிடுவதற்கென்று படைத்துறைத் தீர்ப்பாயம் 2009இல் அமைக்கப்பட்டது. அதன் அமர்வு ஒன்று சென்னையில் இருக்கிறது. நம் ஊர்களில் இதனை அறியாது, விதி என்று வாளாவிருப்போர் உளர்.

இனிப் பிழைப்பைப் பற்றி ஒரு சொல். ஊர் திரும்பியவர்களுள் பலர் வங்கி வாயிலிலும் தோட்டங்களிலும் காவலாளியாக அமர்கின்றனர். காவல் இழிவான தொழில் அன்று. ஆயினும் வானொலிக் கருவி இயக்கியவர், கனரக வண்டி ஓட்டியவர், பாலம் கட்டியவர், மருத்துவ உதவியாளராக இருந்தவர் எல்லோருக்கும் நாற்காலி ஒன்றும் விசில் ஒன்றும்தான் கொடுக்கத் தெரியும் என்றால், குறை நம்முடையது. கைப்பம்பு பழுது முதல் வெள்ள காலத்து மீட்பு வரை, ஊராட்சிக்கு வேண்டிய எத்தனையோ வேலைகளை இவர்கள் முன்பே பயின்றவர்கள். மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் பத்து விழுக்காடு இவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. சுயதொழில் செய்ய விழைவோர்க்கென, தமிழ்நாடு அரசு 2024 ஆகஸ்டு 15 அன்று ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி ரூபாய் வரையான வங்கிக் கடனுக்கு முப்பது விழுக்காடு மூலதன மானியமும் மூன்று விழுக்காடு வட்டி மானியமும் அதன் சாரம். திராட்சை, தென்னை, பால்பண்ணை என நம் பள்ளத்தாக்கில் இதற்கு இடம் நிறைய உண்டு.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தோரைப் பற்றியும் இப்போதே சிந்தித்தல் நலம். அறிவிப்பின்படி பணிக்காலம் நான்கு ஆண்டு; நால்வரில் ஒருவரே படையில் நிலைபெறுவர்; ஏனையோர் ஓய்வூதியமின்றி, சேவை நிதி என்னும் மொத்தத் தொகையுடன் திரும்புவர். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் அவர்கள். 1946இல் வெறுங்கையுடன் ஊர் வந்தவர்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேராமற் பார்ப்பதில் கிராமத்துக்கும் பங்குண்டு.

டிசம்பர் 7ஆம் நாளைக் கொடிநாளாக 1949 முதல் கொண்டாடி வருகிறோம். உண்டியல் குலுக்கி, சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு அந்நாள் நம்மிடையே முடிந்துவிடுகிறது. கொடிநாளுக்கு முன்னர் ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும் என்பது எமது யோசனை. குறுக்குக் கோடிட்ட சாதாரண நோட்டுப் புத்தகமே போதும். படைக்குச் சென்றவர் பெயர், படை எண், பிரிவு, பணிசெய்த ஆண்டுகள், மனைவி மக்கள் பெயர், ஓய்வூதிய நிலை ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று குறிக்க வேண்டும். மறைந்தவர்களையும் விடலாகாது, பர்மாவிலும் இலங்கையிலும் காஷ்மீரத்திலும் பணிபுரிந்தோரைப் பற்றி மூத்தோர் வாய்வழி கூறுவதையும் எழுதிக்கொள்ளலாம். பெயர், படைப்பதிவு, ஆதார் மூன்றும் ஒத்துள்ளனவா என்று கணவர் உயிருடன் இருக்கும்போதே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், பின்னாளைய அலைச்சலில் பாதி குறையும். சேர்ந்த விவரங்களைக் கிராம சபையில் வைத்து, ஒவ்வொரு பெயரையும் வாசித்தல் வேண்டும். மனைவி பெயர் திருத்தம், ஊனச் சான்று, கடன் விண்ணப்பம் என்று எவருக்கு எது நிலுவையோ, அதனைத் தீர்மானத்தில் ஏற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

எமது வட்டாரத்தில் இப்பதிவேட்டைக் குடியரசு நாள் கிராம சபையில் திறப்பதாக எண்ணியுள்ளோம். வருவோர் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை, திருமணச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கொண்டுவருதல் நலம். நகல் எடுக்க இயலாதார் மூலத்தையே கொண்டுவரலாம். பிரதி எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தரப்படும். நடக்க இயலாத முதியோர் வீட்டுக்கு ஊராட்சிச் செயலர் மறுநாள் நேரில் செல்வார்.