பழைய ஸ்னூக்கர் கியூ விற்கும் முன்

பிரிட்டனில் பரணிலிருந்து இறங்கும் பழைய கியூக்களில் பெரும்பாலானவை சொற்ப விலைக்குத்தான் போகும். வயதை மட்டும் பார்த்து யாரும் பணம் தருவதில்லை.

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். கருங்காலி மரம் ஆஷ் மரத்துக்குள் ஏறும் கூர்முனைகள் மழுங்கி, வளைந்து முடிந்தால் அது கைவேலை. ஊசிபோல நீண்டு, ஒழுங்கற்று நின்றால் இயந்திர இணைப்பு. விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்தது பெயர்த் தகடு. பரோஸ் அண்ட் வாட்ஸ், பெரடன், ரைலி போன்ற பெயர்களைச் சேகரிப்பாளர்கள் தேடுவார்கள். ஜோ டேவிஸ் போன்ற சாம்பியன்களின் பெயர் தாங்கியவற்றுக்குத் தனி மவுசு. ஆனால் அவையும் ஏராளமாக விற்கப்பட்டவையே. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பளபளப்பாக்கும் ஆசையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய மெருகு போனால் விலையும் போகும். ஒற்றைத் துண்டு கியூவை எடுத்துச்செல்ல வசதி என்று இரண்டாக அறுப்பதும் அப்படித்தான். நுனித் தோலை மாற்றலாம், அது எப்படியும் தேய்கிற பொருள். அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். அசல் தகரப்பெட்டி இருந்தால் கியூவோடு சேர்த்தே விற்றுவிடுங்கள்.

தகடு தந்தமாக இருந்தால் எச்சரிக்கை: பிரிட்டனில் தந்த விற்பனைக்கு 2022 முதல் கடும் தடை, விலக்குகள் சிலவே.