தடுப்பூசிக்குப் பின் பாதிப்பு: இழப்பீடு கேட்பது எப்படி?



தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத் என்னும் ஈட்டுத்தொகையை நம் மார்க்கம் வகுத்திருக்கிறது. ஆகவே நியாயமான இழப்பீடு கேட்பது பேராசை அல்ல. ஆனால் ஆதாரமின்றிப் பழி சுமத்துவதையும் மார்க்கம் ஏற்காது. இந்த இரண்டையும் மனதில் வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

ஊசிக்குப் 'பின்' நடந்தது வேறு, ஊசி'யால்' நடந்தது வேறு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15இல் ஊசி போட்டார். 17ஆம் தேதி காலமானார். ஊசிக்கும் அந்த மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்றது தேசியக் குழு. அதே குழு, 2021 மார்ச்சில் இறந்த 68 வயதுக்காரர் ஒருவரின் மரணத்துக்கு ஊசியால் வந்த கடும் ஒவ்வாமையே காரணம் என்று ஏற்றது. இரண்டையும் பிரித்துக் காட்டியவை மருத்துவ ஆவணங்கள்தாம்.

கோவிஷீல்டு போட்டபின் மகள்களை இழந்த இரு குடும்பத்துப் பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். இழப்பீட்டுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது, சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு பதில் அளித்தது. அங்கே காரணத்தை நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் மீதே விழுகிறது. எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. பாதிப்பு தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லிப் பதிவு செய்யுங்கள். தனியாரிடம் போட்ட ஊசிக்கும் இது பொருந்தும்.

2. தடுப்பூசி அட்டை, ஊசியின் தொகுப்பு எண், ரசீது, மருத்துவமனைச் சீட்டுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். பெங்களூரில் சிகிச்சை பெற்றிருந்தால் அங்கிருந்தும் நகல் வாங்கிவிடுங்கள்.

3. மௌத் ஆகிவிட்டால் ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்யவே மனம் நாடும். ஆனால் பிரேதப் பரிசோதனை இல்லையேல் காரணத்தை நிறுவுவது மிகக் கடினம். தேவையின் பேரில் அதை அனுமதித்த உலமாக்கள் பலர் உண்டு. இமாமிடம் உடனே கலந்து பேசுங்கள்.

4. பணம் கட்டித் தனியார் மருத்துவமனையில் போட்ட ஊசியானால் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். மருத்துவமனை கர்நாடகத்தில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் ஊசிக்கு அந்த வழி இல்லை; சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான்.

5. வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளின் ஊசியை நிறுத்திவிட வேண்டாம். போலியோவை இந்நாட்டிலிருந்து விரட்டியது தடுப்பு மருந்துதான். கடும் பாதிப்பு மிக அரிது. அந்த அரிய குடும்பம் தனித்து நிற்கக் கூடாது என்பதே நம் நோக்கம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தை வழங்குவானாக. ஆமீன்.