ஒன்றிய அலுவலகத் தொலைபேசி: அழைப்பை வழிப்படுத்துதலும் குரற்பதிவும்

கிராமத்தில் வாழும் ஒருவருக்கு அரசாங்கம் என்பது பல சமயங்களில் ஒரு தொலைபேசி எண்ணேயாகும். பென்னாகரம் வட்டாரத்தின் மலையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒன்றிய அலுவலகத்திற்கு வந்து திரும்புவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆகவே குறையுடையவர் முதலில் தொலைபேசியையே நாடுகிறார். அவ்வழைப்பு உரியவரிடம் போய்ச் சேருமாயின் குறை பாதி தீர்ந்ததாகும். சேராவிடில், அலுவலகத்தில் எத்தனை திறமை மிக்க ஊழியர்கள் இருந்தும் பயனில்லை.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் நிகழ்ந்ததை இங்குக் கூறுதல் பொருந்தும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு சிற்றூருக்குச் செல்லும் குடிநீர்க் குழாய் உடைந்தது. ஊரார் அன்று இரவும், சனி ஞாயிறு இரு நாட்களும் அலுவலக எண்ணுக்கு அழைத்த வண்ணமிருந்தனர். பூட்டிய அறையில் மணி அடித்து ஓய்ந்தது. திங்கட்கிழமை காலை ஒரு முதியவர் நேரில் வந்து கூறிய பின்னரே செய்தி நமக்குத் தெரிந்தது. இடைப்பட்ட நாட்களில் ஊரார் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தனர். அந்நீர் ஃப்ளோரைடு மிகுந்தது.

தர்மபுரி மாவட்டத்தார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை இருக்கலாம். வேறு வழியில்லையெனில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரை நெடுநாள் குடித்தால் பல்லில் கறை படிகிறது. எலும்பும் மூட்டும் கெடுகின்றன. இக்கேட்டினை நீக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பெற்று, 2013ஆம் ஆண்டில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தகைய பெருந்திட்டத்தின் பயனும், குழாய் உடைந்த செய்தி உரிய காலத்தில் உரியவர் காதில் விழுவதைப் பொறுத்ததன்றோ? அன்று நம் அலுவலகத்தில் குறைந்தது பணமன்று. தொலைபேசியைச் சரியாக அமைக்கும் முறையே.

முன்னோர் கண்ட வழி

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் முறையாகத் தொடங்கப்பெற்றன. அக்காலத்தில் ஒவ்வோர் அழைப்பையும் ஓர் ஊழியர் கையாலேயே இணைத்தார். அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் பிணச் சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பகத்தார் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றனர் என்று ஐயுற்றார் எனச் சொல்வதுண்டு. ஆளின்றித் தானே இணைக்கும் கருவியை அவர் ஆக்கி, 1891இல் காப்புரிமை பெற்றார். அழைப்பு வழிதவறினால் பிழைப்பே தவறும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் போலும்.

நமது கிராமங்களுக்கேற்ற இணைப்பகத்தை ஆக்கும் பொருட்டு 1984இல் 'சி-டாட்' என்னும் நிறுவனம் அமைக்கப்பெற்றது. வெப்பமும் புழுதியும் தாங்கும் அதன் கிராம இணைப்பகம் 1986இல் கர்நாடக மாநிலத்துக் கிட்டூரில் நிறுவப்பட்டது. ஆள் இல்லாதபோது செய்தியைப் பதிந்து வைக்கும் 'வாய்ஸ் மெயில்' என்ற குரற்பதிவு முறைக்குக் கார்டன் மாத்யூஸ் என்பவர் 1983இல் காப்புரிமை பெற்றார். இன்று இவையனைத்தும் ஒரு சிறு பெட்டியில் அடங்கிவிட்டன. 1999இல் தோன்றிய 'ஆஸ்டரிஸ்க்' என்னும் மென்பொருளை ஒரு சாதாரணக் கணினியில் இட்டு, விலையின்றியே அலுவலக இணைப்பகமாகப் பயன்படுத்தலாம்.

முதற் பாடம்: தாளும் பென்சிலும்

கருவியை வாங்கும் முன்னர் ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லா அழைப்புகளையும் குறித்து வர வேண்டும். யார் அழைத்தார், எந்த நேரம், எதைப் பற்றி, யார் விடை கூற வேண்டியவர் என நான்கு கட்டங்கள் போதும். வார முடிவில் அதைப் பார்த்தால் அலுவலகத்தின் நிலை கண்ணாடிபோல் தெரியும்.

ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர் உள்ளனர். ஒருவர் வட்டார ஊராட்சிக்கும் மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கும் பொறுப்பாளர். இப்பாகுபாடு அழைப்பவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கடமையும் அவருக்கில்லை. 'பி.டி.ஓ. அய்யாவிடம் பேச வேண்டும்' என்றே அவர் கூறுவார். எனவே பதவியின் பெயரால் அழைப்பைப் பிரித்தல் ஆகாது. குறையின் பெயரால் பிரித்தல் வேண்டும். இதுவே வழிப்படுத்தும் கலையின் அடிப்படை.

இரண்டாம் பாடம்: வழிப்படுத்துதல்

முதலில் காலத்தைப் பகுக்க வேண்டும். காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை அலுவலக நேரம்; எஞ்சியது இரவு நேரம்; சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள் தனி. இணைப்பகப் பெட்டியில் இம்மூன்றுக்கும் தனித்தனி வழியை எழுதி வைக்கலாம். ஆண்டுதோறும் விடுமுறைப் பட்டியல் வந்தவுடன் அந்நாட்களைப் பெட்டியிலும் பதிந்துவிட வேண்டும்.

அலுவலக நேரத்தில் அழைப்பவருக்கு ஒரு குரல் வழிகாட்ட வேண்டும். அது 15 விநாடிக்கு மேற்படலாகாது. பொருளை முன்னும் எண்ணைப் பின்னும் கூறுதல் நன்று. 'எண் ஒன்றை அழுத்தவும்' என முதலிற் கூறினால், எதற்கு என்பது காதில் விழுமுன் எண் மறந்துவிடும். 'குடிநீர், தெருவிளக்குக் குறைகளுக்கு 1. வேலைவாய்ப்பு, வீடு கட்டும் திட்டங்களுக்கு 2. வரி, அனுமதி பற்றி அறிய 3. மற்றெதற்கும் 0' என நான்கோடு நிறுத்துவது நலம். எதையும் அழுத்தாதவரை, 0 அழுத்தியவராகவே கொண்டு ஓர் ஊழியரிடம் சேர்த்துவிட வேண்டும். எண்ணை அழுத்த அறியாத முதியோர் பலர் உண்டு. அவர்களை வெளியே நிறுத்துவது அறமன்று.

அடுத்து, ஒரு பிரிவில் எவ்வாறு மணியடிப்பது என்பது. எல்லா மேசைகளிலும் ஒருங்கே அடிக்கலாம். அல்லது ஒருவர் பின் ஒருவராக அடிக்கலாம். ஒருங்கே அடித்தால் 'அவர் எடுப்பார்' என ஒவ்வொருவரும் இருந்துவிடுவதுண்டு. ஆகவே குடிநீர்ப் பிரிவுக்கு வரிசை முறையே சிறந்தது. நம் நாட்டுத் தொலைபேசியில் ஒரு மணிச் சுற்று 3 விநாடி. 7 சுற்றுக்கு 21 விநாடி ஆகும். முதல்வர் எடுக்காவிடில் அடுத்தவருக்கு மற்றொரு 21 விநாடி. வழிகாட்டும் குரலையும் சேர்த்தால் 57 விநாடி. ஒரு நிமிடத்திற்குள் ஒரு மனிதரோ, குரற்பதிவுப் பெட்டியோ விடையிறுக்க வேண்டும் என்பதை விதியாகக் கொள்க.

மூன்றாம் பாடம்: வழியிலுள்ள குழிகள்

இரவு அழைப்பைப் பணியிலிருப்பவரின் கைப்பேசிக்குத் திருப்புவது எளிது. ஆனால் இதில் நான்கு குழிகள் உள்ளன.

ஒன்று: வெளியிலிருந்து வந்த அழைப்பு மீண்டும் வெளியே செல்லும்போது இரண்டு இணைப்புகள் பிடிபடும். அலுவலகத்தில் இரண்டே இணைப்புகள் இருப்பின், ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்ற அனைவர்க்கும் 'எங்கேஜ்' ஒலியே கேட்கும்.

இரண்டு: பழைய கம்பி இணைப்பின் வழியே திருப்பினால், மறுமுனையில் மனிதர் எடுத்தாரா இல்லையா என்பதைப் பெட்டி அறியாது. 'கைப்பேசி அணைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பைக் கேட்டு அழைத்தவர் ஏமாறுவார். பெட்டியோ இணைத்துவிட்டதாகவே எண்ணி அடுத்தவரை நாடாது. ஆகவே எடுத்தவர் எண் 1 அழுத்தினால்தான் இணைக்க வேண்டும் என்று அமைத்தல் அவசியம்.

மூன்று: எழுத்தர் தம் அழைப்பை மேற்பார்வையாளருக்கும், மேற்பார்வையாளர் தம் அழைப்பை எழுத்தருக்கும் திருப்பி வைத்தால், அழைப்பு செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வரும். யார் யாருக்குத் திருப்புவது என்பதை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக.

நான்கு: திருப்பிய அழைப்பில் அலுவலக எண்ணே தெரியக்கூடும்; அழைத்தவர் எண் தெரியாது போகலாம். ஆகையால் எடுப்பவர் முதலில் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். கர்நாடக அணைகளிலிருந்து நீர் மிகுதியாகத் திறக்கப்படுங்கால், பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் அளவு உயர்ந்து, ஒகேனக்கல்லில் வெள்ளம் பெருகும். அந்நேரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் செய்தி நம்மை வந்தடையாமல் இணைப்புகள் அடைபட்டிருக்கலாகாது. அதற்கென வெளியில் அறிவிக்காத ஓர் எண்ணைத் தனியே வைத்திருப்பது விவேகம்.

நான்காம் பாடம்: குரற்பதிவு

உயிருக்கு இடர் தரும் எதையும் குரற்பதிவுப் பெட்டியில் விடச் செய்தல் கூடாது. இரவு அறிவிப்பின் முதல் வரியிலேயே ஆம்புலன்சுக்கு 108, ஏனைய அவசர உதவிக்கு 112, வெள்ளம் முதலிய பேரிடருக்கு மாவட்டக் கட்டுப்பாட்டறை 1077, குழந்தைத் திருமணம் உள்ளிட்ட குழந்தைகள் பற்றிய தகவலுக்கு 1098 என்று கூறிவிட வேண்டும். அதன் பின்னரே, 'மணியொலி கேட்ட பின் உங்கள் பெயர், பஞ்சாயத்து, சிற்றூர், குறை, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கூறுங்கள்' எனச் சொல்ல வேண்டும். இவ்வறிவிப்பை நம் வட்டாரத்துப் பேச்சறிந்த ஊழியர் ஒருவர் நிதானமாகப் படித்துப் பதிதல் நன்று. மாநில எல்லையை அடுத்த வட்டாரமாதலின், தேவையான இடத்தில் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஓரிரு வரி சேர்க்கலாம்.

ஒரு செய்திக்கு 2 நிமிட அளவு போதும். தொலைபேசிக் குரல் வழக்கமான பதிவு முறையில் விநாடிக்கு 8,000 பைட் இடம் கொள்ளும். ஆகவே 2 நிமிடச் செய்தி ஒரு மெகாபைட்டுக்குக் குறைவே. பெட்டி நிரம்பிவிடும் என்ற அச்சத்திற்கு இக்காலத்தில் இடமில்லை. ஆயினும் கேட்காது விட்டால் எப்பெட்டியும் நிரம்பும். எனவே தினமும் காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் ஒரு குறிப்பிட்ட ஊழியர் பெட்டியைத் திறந்து, செய்திகளைப் பதிவேட்டில் ஏற்றி, அதன் பின்னரே அழிக்க வேண்டும். அவர் விடுப்பில் சென்றால் செய்பவர் யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். விடுமுறை நாட்களில் குடிநீர்ப் பெட்டியில் விழும் செய்தி, பணியிலிருக்கும் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலிலும் உடனே செல்லுமாறு அமைக்கலாம்.

பெட்டியின் கடவு எண்ணை 0000, 1234 என விட்டு வைத்தலாகாது. அதன் வழியே புகுந்து அயல்நாட்டு அழைப்புகளைச் செய்து, கட்டணத்தை அலுவலகத்தின் தலையில் கட்டும் வஞ்சகர் உலகெங்கும் உளர். வெளிநாட்டு அழைப்பை அடியோடு அடைத்து வைப்பதே மேல். மேலும், குறை கூறியவரின் பெயரும் குரலும் பிறர் காதில் விழாதவாறு செய்திகளைத் தனியே கேட்டல் வேண்டும். ஊரில் ஒருவர்மீது புகார் கூறியவர் நம்மை நம்பியே கூறுகிறார்.

செய்தி விடாது வைத்துவிடுவோரே மிகுதி. இயந்திரத்துடன் பேச அவர்கள் கூசுகின்றனர். ஆதலின் தவறிய அழைப்புகளின் பட்டியலையும் அன்றன்றே பார்த்து, நாமே திரும்ப அழைத்தல் கடமை.

ஐந்தாம் பாடம்: சோதித்துப் பார்த்தல்

அமைத்தவர் தம் மேசையிலிருந்து சோதித்தல் சோதனையாகாது. வெளியூரிலிருந்து, பல வகைக் கைப்பேசிகளில், காலை 10 மணிக்கும், உணவு வேளையிலும், இரவு 7 மணிக்கும், ஞாயிறன்றும் அழைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தறியாத ஒருவரைக் கொண்டும் அழைக்கச் சொல்லிப் பார்க்க. மின்சாரத்தை நிறுத்தியும் பார்க்க வேண்டும். கணினி வழி இயங்கும் தொலைபேசிகள் மின்சாரம் நின்றவுடன் ஊமையாகிவிடும். பெட்டிக்கும் இணைய இணைப்புக்கும் மின்கலத் துணை வேண்டும். கம்பி இணைப்பு ஒன்றுடன் ஒரு சாதாரணத் தொலைபேசியைச் சேர்த்து வைப்பதும் நன்று.

பஞ்சாயத்தார் செய்ய வேண்டுவன

இவ்வேலை அலுவலகத்தாருடையது மட்டுமன்று. பஞ்சாயத்துக் கட்டடச் சுவரிலும், மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் அலுவலக எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எக்குறைக்கு எந்த எண் என்பதையும் உடன் எழுதுங்கள். மின்தடைக்கு ஒன்றிய அலுவலகத்தை அழைப்பதைவிட, 94987 94987 என்ற மின்னகம் எண்ணை அழைத்தல் விரைவானது. பயிர்ப் பிணி பற்றி அறிய 2004இல் தொடங்கிய உழவர் அழைப்பு மையம் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே விடை தருகிறது.

அனைத்திலும் முக்கியமானது கணக்குக் கேட்டல். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவற்றிலும் கிராம சபை கூடுகிறது. உங்கள் பஞ்சாயத்திலிருந்து எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனைக்கு எத்தனை நாளில் தீர்வு கண்டது என்பதை அங்குப் படிக்கச் சொல்லுங்கள். கேட்பார் உண்டு என அறிந்தால் பதிவேடு தானே ஒழுங்காகும்.

திங்கட்கிழமை நம் அலுவலக வாயிலில் நின்ற முதியவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. 'மூன்று நாளாக அடித்தோம் அய்யா, யாரும் எடுக்கவில்லை' என்று மட்டுமே கூறினார். அதன் பின் அவ்வலுவலகத்தில் நாம் செய்த முதல் வேலை குழாயைச் சரிசெய்தது. இரண்டாவது, மேற்கூறிய தாளையும் பென்சிலையும் எடுத்தது. இரண்டாவதை முதலிலேயே செய்திருப்பின் முதலாவது வெள்ளிக்கிழமையன்றே முடிந்திருக்கும். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் ஒன்றிய அலுவலக எண்ணுக்கு வரும் ஞாயிறு மாலை ஒருமுறை அழைத்துப் பார்ப்பார்களாக. என்ன விடை வருகிறதோ, அதிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.