ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் உண்டா?

கேள்வி: லாரிக்குப் பின்னால் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர், இருட்டில் தெரியும் கடிகார முள், மின்மினி. மூன்றும் ஒரே விதமாகவா ஒளிர்கின்றன?

பதில்: இல்லை. லாரி ஸ்டிக்கர் தானாக ஒளிர்வதே கிடையாது. அதிலுள்ள பொடிக் கண்ணாடி மணிகள், விழுகிற ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. ஹெட்லைட்டை அணைத்தால் அதுவும் இருண்டுவிடும். ரேடியம் துளிகூட இல்லை.

கடிகார முள்ளில்தான் ஒரு காலத்தில் நிஜமாகவே ரேடியம் பூசினார்கள். அதன் கதிர்வீச்சு பட்டு, பூச்சில் கலந்திருந்த துத்தநாக சல்பைடு விடிய விடியப் பச்சையாக மினுங்கும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதைப் பூசிய இளம்பெண்களைத் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் செத்துப்போனார்கள். 1920களில் அவர்கள் நோயோடு போராடிக்கொண்டே வழக்குத் தொடுத்தார்கள். அவர்களைச் சொல்லாமல் இந்த வெளிச்சத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்றைய முட்களில் பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் மெல்ல விடும். இதுதான் நின்றொளிர்தல்.

மின்மினியின் வயிற்றில் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. கையில் பிடித்தாலும் சுடாது. துணையைக் கூப்பிடத்தான் அது விட்டுவிட்டு மின்னுகிறது; தெருவிளக்கு மிகுந்த இடத்தில் அந்த அழைப்பு எடுபடுவதில்லை.