சி.இ.ஏ. அளவு ஆயுள் கணக்கு அல்ல

“சி.இ.ஏ. முப்பதாம். அப்படியென்றால் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. இனி ஆறு மாதம் தாங்கினாலே அதிகம்.” பெருங்குடல் புற்றுநோய் வந்த வீடுகளில் இந்தப் பேச்சை ஓயாமல் கேட்கிறேன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும், டாக்டரைப் பார்க்கும் முன்பே அது வாட்ஸ்அப்பில் நாலு உறவினருக்குப் போகிறது. நோயாளிக்குத் தெரியாமல் அவருக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து இந்த எண்களைக் கையெழுத்திட்டு அனுப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பச்சைப் பொய், நிறுத்துங்கள்.

சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். 1965-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் இதைக் கண்டறிந்தார்கள். புற்றுநோய்க் கட்டியில் மட்டும் இருப்பதாக முதலில் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. புகைபிடிப்பவருக்கு இது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கல்லீரல் நோய், கணைய அழற்சி, குடல் அழற்சி எதிலும் ஏறும். இதை ரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரல்தான். பித்தக்குழாய் அடைத்தாலும் எண் உயரும். மறுபுறம், சில கட்டிகள் இந்தப் புரதத்தை அதிகம் சுரப்பதே இல்லை. அவை பரவிய பிறகும் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றே வரலாம்.

நோய் பரவியதா என்பதைச் சொல்பவை ஸ்கேனும், அறுவை சிகிச்சையில் எடுத்த குடலை ஆராயும் நோயியல் அறிக்கையும். கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் இருக்கிறது, கல்லீரலையோ நுரையீரலையோ தொட்டிருக்கிறதா என்பவற்றை வைத்தே நிலை வகுக்கிறார்கள். சி.இ.ஏ. உயர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, தொலைதூர உறுப்புகளுக்குப் பரவாத பெருங்குடல் புற்றுநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன் எண் சரியாக இருந்தவர்களில் மூன்றாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். எண் உயர்ந்திருந்தவர்களில் 82 சதவீதம். உயர்ந்த எண் அறுவை சிகிச்சைக்குப் பின் இறங்கிவிட்டால் 88 சதவீதம். பின்னரும் இறங்காதவர்களில் கூட 74 சதவீதத்துக்கு மேல். இதில் ஆறு மாதக் கெடு எங்கே இருக்கிறது? கல்லீரலுக்குப் பரவினாலும், வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், அந்த அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்தாண்டு தாண்டி வாழ்பவர்கள் ஏராளம்.

கீமோ தொடங்கியதும் எண் ஏறினால் “மருந்து கேட்கவில்லை” என்று சிகிச்சையை விட்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஆக்ஸாலிப்ளாட்டின் போட்ட முதல் சில வாரங்களில் எண் தற்காலிகமாக ஏறலாம். முடிவெடுக்க வேண்டியது உங்கள் டாக்டர்.

“மாஸ்டர் செக்கப்பில் சி.இ.ஏ. நார்மல், அதனால் கேன்சர் இல்லை” என்பதும் தவறு. தொடக்க நிலையில் பெரும்பாலும் எண் ஏறுவதே இல்லை. நோயைத் தேடும் சோதனையாக இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் கொலனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். புதிய மரபணு ரத்தச் சோதனை அதற்கு மாற்று என்கிறார்களா? அமெரிக்கா 2024-இல் அனுமதித்த ‘ஷீல்டு’ சோதனை புற்றுநோயை நூற்றுக்கு 83 பேரிடம் கண்டுபிடித்தது. புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்புகளை வெறும் 13 பேரிடம்தான்.

சி.இ.ஏ.-வின் உண்மையான பயன் கண்காணிப்பில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு முறை எடுங்கள். பின் டாக்டர் சொல்கிறபடி, வழக்கமாக முதல் இரண்டாண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தொடர்ந்து ஏறினால் ஸ்கேன். ஆனால் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். கருவியும் கிட்டும் மாறினால் அதே ரத்தத்துக்கு வேறு எண் வரும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து அழுகிற குடும்பங்கள் உண்டு. எந்த முறையில், எந்தக் கிட்டில் சோதித்தோம் என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் ரிப்போர்ட்டில் அச்சிட வேண்டும். அச்சிடாத இடத்தில் கேளுங்கள், எழுதித் தரும்வரை விடாதீர்கள்.